மென்பொருள்: விற்ற பிறகு யார் பொறுப்பு?

(கட்சிக் கல்வி வகுப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2018 ஜூன் 21 அன்று இந்திய ரிசர்வ் வங்கி நாட்டின் வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஏடிஎம் இயந்திரங்களில் விண்டோஸ் எக்ஸ்பி போன்ற, தயாரித்த நிறுவனமே கைவிட்டுவிட்ட இயங்குதளங்கள் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை மாற்றும் பணி மிக மெதுவாக நடைபெறுகிறது. 2019 ஜூன் மாதத்திற்குள் படிப்படியாக எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும் என்பதே அதன் சாரம். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்ட நாள் 2014 ஏப்ரல் 8. அதாவது, நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக இந்நாட்டு உழைப்பாளிகளின் கூலியும் ஓய்வூதியமும், புதிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைப்பதற்கு எவரும் இல்லாத இயந்திரங்களின் வழியே கைமாறிக்கொண்டிருந்தன.

சுற்றறிக்கை வந்த சில மாதங்களில் ஏடிஎம் நிறுவனங்களின் கூட்டமைப்பு ஓர் எச்சரிக்கை விடுத்தது. மென்பொருள், வன்பொருள் மாற்றங்களுக்கும் பணம் நிரப்புவதற்கான புதிய விதிகளுக்கும் ஆகும் செலவைத் தாங்க முடியாது. நாட்டிலுள்ள ஏறத்தாழ 2.38 லட்சம் ஏடிஎம்களில் சரிபாதியை 2019 மார்ச்சுக்குள் மூட நேரிடலாம்; கிராமப்புறங்களே அதிகம் பாதிக்கப்படும் என்றது அக்கூட்டமைப்பு. அந்த அளவுக்கு மூடல் நிகழவில்லை. ஆனால் அந்த மிரட்டலில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. இயந்திரம் வங்கியின் பெயரில். அதை நடத்துவது ஒப்பந்த நிறுவனம். உள்ளே ஓடும் மென்பொருள் அமெரிக்க நிறுவனத்தினுடையது. மூவரில் எவரும் பராமரிப்பைத் தம் வேலை என்று கருதவில்லை. ஏனெனில் பராமரிப்பில் எவருக்கும் லாபம் இல்லை.

இதை ஒரு சில நிறுவனங்களின் பேராசை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. மேடைப் பேச்சுக்கு அது போதும். கல்வி வகுப்பில் சற்று ஆழமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இயந்திரங்களுக்கு இருவகைத் தேய்மானம் உண்டு என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் விளக்குகிறார். ஒன்று பொருள்வகைத் தேய்மானம்: ஓடினாலும் தேயும், ஓடாமல் கிடந்தாலும் துருப்பிடிக்கும். மற்றொன்று, அதைவிடச் சிறந்த அல்லது மலிவான இயந்திரம் வந்துவிடுவதால் ஏற்படும் மதிப்பிழப்பு. மென்பொருளுக்கு முதல்வகைத் தேய்மானம் அறவே இல்லை. 2001ஆம் ஆண்டு எழுதப்பட்ட நிரலில் ஓர் எழுத்தும் இன்றுவரை தேயவில்லை. ஆயினும் மென்பொருள் கெட்டுப்போகிறது. அதைச் சுற்றியுள்ள உலகம் மாறுகிறது. புதிய வன்பொருள் வருகிறது. தொடக்கத்திலிருந்தே உள்ளே உறங்கிய பிழைகளை யாரோ கண்டுபிடிக்கிறார்கள். அவற்றுள் சில திருடனுக்குக் கதவாகின்றன. எனவே பயன்பாட்டில் உள்ள காலமெல்லாம் உயிருள்ள உழைப்பு அதன்மீது செலுத்தப்பட்டாக வேண்டும். ஒரு மென்பொருளின் வாழ்நாளில் செலவாகும் உழைப்பில் பெரும்பகுதி அதை எழுதுவதற்கன்று, எழுதிய பிறகு காப்பாற்றுவதற்கே ஆகிறது என்பது இத்தொழிலில் உள்ள எவரும் அறிந்த செய்தி.

இனி விற்பனையின் பக்கம் வருவோம். முதற்படியை உருவாக்க ஆயிரக்கணக்கான பொறியாளர்களின் உழைப்பு தேவை. இரண்டாவது படிக்கும் பத்துக் கோடியாவது படிக்கும் செலவு ஏறத்தாழ சூன்யம். ஆகவே விற்பனை நடந்த கணத்திலேயே லாபம் கைக்கு வந்துவிடுகிறது. அதன்பின் அந்தப் படிக்காகச் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தமும் நிறுவனத்தின் கணக்கில் வெறும் செலவு. வாங்கியவருக்குப் பயன்மதிப்பு இருபது ஆண்டுகளுக்குத் தேவை. விற்றவருக்குப் பரிவர்த்தனை மதிப்பு முதல் நாளே கிடைத்துவிட்டது. தரம், ஆதரவு ஆகியவை பற்றிய எல்லாச் சிக்கல்களும் இந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன.

எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 1960களில் கணினியோடு மென்பொருளும் சேர்ந்தே வந்தது. தனி விலை கிடையாது. அமெரிக்க அரசின் ஏகபோகத் தடை நடவடிக்கையை எதிர்நோக்கிய ஐபிஎம் நிறுவனம் 1969 ஜூனில்தான் மென்பொருளைத் தனியே பிரித்து விலை வைக்கப்போவதாக அறிவித்தது. 1976இல் இளைஞர் பில் கேட்ஸ், கணினி ஆர்வலர்கள் தமது நிரலைப் பணம் கொடுக்காமல் படியெடுப்பதைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அதுவரை பகிர்ந்துகொள்ளப்பட்ட அறிவு சரக்காக மாறிய வரலாற்றின் மைல்கற்கள் இவை. நிலத்துக்கு வேலியிட்ட கதையைப் படித்த தோழர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

சந்தைப் போட்டி தரத்தை உயர்த்தும் என்பது பாடநூல் வாதம். மென்பொருளில் அது நேர்மாறாக வேலைசெய்வதற்குக் காரணங்கள் உண்டு. வாங்குபவரால் தரத்தைப் பார்த்து அறிய முடியாது. மூல நிரல் பூட்டப்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது விலையும் புதிய வசதிகளும் மட்டுமே. பழைய கார்ச் சந்தையில் நல்ல வண்டியையும் பழுதான வண்டியையும் பிரித்தறிய முடியாதபோது நல்ல வண்டிகள் சந்தையைவிட்டே வெளியேறிவிடும் என்று முதலாளித்துவப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இலேயே எழுதினார். அதற்காகப் பின்னர் நோபல் பரிசும் பெற்றார். அதே தர்க்கம் இங்கே இன்னும் கடுமையாகப் பொருந்துகிறது. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்களோ அத்தனைக்கு மதிப்புக் கூடும் பொருள் இது. முதலில் சந்தையைப் பிடிப்பவன் ஏகபோகியாகிறான். எனவே இன்று பிழையோடு வெளியிடுபவன், அடுத்த ஆண்டு பிழையின்றி வெளியிடுபவனை வென்றுவிடுகிறான். பிழையால் ஏற்படும் இழப்போ பயனரின் தலையில் விழுகிறது. கார் உற்பத்தியாளர் தடுப்பு இயங்காத வண்டியை விற்றால் திரும்பப் பெற வேண்டும். மென்பொருள் உரிமத்திலோ, இழப்பு எதுவாயினும் செலுத்திய தொகைக்கு மேல் பொறுப்பில்லை என்ற வாசகம் வழக்கமாக இடம்பெறுகிறது. எவரும் படிக்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்துகிறார்கள். அழுத்தாவிட்டால் வேலை நடக்காது.

இதன் விளைவு எத்தகையது என்பதை 2017 மே 12 அன்று உலகம் கண்டது. ‘வான்னாக்ரை’ என்ற நச்சுநிரல் ஒரே நாளில் பரவத் தொடங்கி, 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகளை முடக்கிப் பிணைத்தொகை கேட்டது. ஆந்திரப் பிரதேசக் காவல் துறையின் கணினிகளும் அதில் சிக்கின. மிகப்பெரிய அடி வாங்கியது பிரிட்டனின் பொது மருத்துவச் சேவை. இங்கிலாந்தின் மருத்துவ அறக்கட்டளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பாதிக்கப்பட்டன; அவசர ஊர்திகள் திருப்பி அனுப்பப்பட்டன; ஏறத்தாழ 19,000 மருத்துவ முன்பதிவுகள் ரத்தாகியிருக்கக்கூடும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது.

இந்த நச்சுநிரல் புகுந்த ஓட்டை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை அதைக் கண்டுபிடித்து, தயாரிப்பாளருக்குச் சொல்லாமல், பிற நாடுகளை உளவு பார்க்கும் ஆயுதமாக வைத்திருந்தது. அந்த ஆயுதம் களவுபோய் 2017 ஏப்ரலில் இணையத்தில் வெளியாயிற்று. அதற்கு முன்னதாக மார்ச் 14 அன்றே மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டுவிட்டது; ஆனால் அப்போது ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கு மட்டும். எக்ஸ்பிக்கான திருத்தமும் தயாரிக்கப்பட்டிருந்தது. தனிக் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே அது தரப்பட்டது. உலகம் பற்றியெரிந்த மறுநாள்தான் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்ட திருத்தம் அது. இன்னொருவருக்குத் தருவதற்கு ஒரு காசு கூடுதல் செலவில்லை. ஆயினும் பூட்டிவைக்கப்பட்டது, ஏனெனில் இலவசமாகத் தந்தால் புதிய பதிப்பை எவர் வாங்குவார்? பற்றாக்குறையைச் சந்தை கண்டுபிடிக்கவில்லை, உற்பத்தி செய்தது.

இங்கே ஒரு நேர்மையான திருத்தத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நமது பத்திரிகைகளில் பல, பிரிட்டன் மருத்துவமனைகள் எக்ஸ்பியால்தான் வீழ்ந்தன என்று எழுதிவந்துள்ளன. அங்கே பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். திருத்தம் வெளிவந்தும் நிறுவப்படாதவை. இதனால் வாதம் பலவீனப்படவில்லை, இன்னொரு பக்கம் வெளிச்சமாகிறது. திருத்தத்தை நிறுவுவதும் உழைப்பே. எந்த மருத்துவக் கருவியோடு அது மோதும் என்று சோதிக்க ஆள் வேண்டும். இரவில் இயந்திரங்களை நிறுத்தித் தொடங்க ஆள் வேண்டும். பிரிட்டன் அரசு 2014இல் ஏறத்தாழ 55 லட்சம் பவுண்டு கொடுத்து எக்ஸ்பிக்கு ஓராண்டு நீட்டிப்பு வாங்கியது. அடுத்த ஆண்டு சிக்கனத்தின் பெயரால் நிறுத்தியது. அதே ஆண்டுகளில் மருத்துவத் துறையின் முதலீட்டு நிதி அன்றாடச் செலவுகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. நவதாராளவாத அரசும் ஏகபோக நிறுவனமும் இரு பக்கமும் நின்று ஒரே கயிற்றை இழுத்தன.

பாடம் கற்கப்பட்டதா? 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11 நிறுவப்பட வேண்டுமெனில் குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். அவை இல்லாத, மற்றபடி நன்றாக இயங்கும் கணினிகள் ஏறத்தாழ 24 கோடி குப்பையாகலாம் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023இல் கணித்தது. நீட்டிக்கப்பட்ட ஆதரவுக்கு நிறுவனங்கள் கணினி ஒன்றுக்கு முதலாண்டு 61 டாலர் செலுத்த வேண்டும். ஒவ்வோராண்டும் அது இரட்டிப்பாகும். தனிநபருக்கு ஓராண்டுக்கு 30 டாலர், அல்லது தமது அமைப்புகளை நிறுவனத்தின் கணக்கோடு இணைத்துவிட வேண்டும். நுகர்வோர் அமைப்புகள் போராடியதால் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் மட்டும் இந்த நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. ஒரே மென்பொருள், ஒரே திருத்தம். ஐரோப்பாவில் ஒரு விதி, இந்தியாவில் வேறு விதி. வேறுபாட்டுக்குக் காரணம் தொழில்நுட்பமன்று.

கைபேசியிலும் இதுவே கதை. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் புதுப்பிப்பு தர இயலாது, சில்லு உற்பத்தியாளர் ஒத்துழைப்பதில்லை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் 8க்கு ஏழாண்டு ஆதரவு அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங்கும் தன் விலையுயர்ந்த வரிசைக்கு அதையே அறிவித்தது. இயலாதது எப்படி இயன்றது? மலிவு விலைக் கைபேசியை வாங்கும் கட்டடத் தொழிலாளிக்கு மட்டும் இன்னும் இயலவில்லை. அவரது யுபிஐ கணக்கும் ஆதாரும் அந்தக் கைபேசியில்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் கைபேசிக்கு மாற்று என்று கட்டளையிடும் ஒன்றிய அரசு, அந்தக் கைபேசி எத்தனை ஆண்டு பாதுகாப்பாக இருக்கும் என்று விற்பவனிடம் கேட்பதில்லை.

இவ்விடத்தில் தோழர்கள் பலருக்கும் எழும் விடை ஒன்று உண்டு: கட்டற்ற மென்பொருள். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய அந்த இயக்கம் இந்நூற்றாண்டின் அறிவுப் போராட்டங்களுக்கு அடித்தளமிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் மூல நிரல் திறந்திருந்தால் போதும், தரம் தானே வந்துவிடும் என்ற நம்பிக்கை ஆபத்தானது.

2014 ஏப்ரல் 7 அன்று ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை அம்பலமானது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இணையத்தில் செல்லும் கடவுச்சொற்களையும் வங்கித் தகவல்களையும் மறையாக்கம் செய்யும் கட்டற்ற மென்பொருள். உலகின் இணையச் சேவையகங்களில் பெரும்பகுதி அதை நம்பி இயங்கியது. அதில் ஒரு சிறு சரிபார்ப்பு விடுபட்டிருந்தது. “இத்தனை எழுத்துகளைத் திருப்பி அனுப்பு” என்று கேட்டால், அத்தனை எழுத்துகள் உண்மையில் வந்தனவா என்று பார்க்காமல், நினைவகத்தில் பக்கத்தில் இருந்ததையெல்லாம் சேர்த்து 64 கிலோபைட் வரை அள்ளிக்கொடுத்தது. இரண்டாண்டுகளாக எவரும் கவனிக்கவில்லை. கனடாவின் வருவாய்த் துறையிலிருந்து ஏறத்தாழ 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் களவுபோயின.

அப்போதுதான் உலகம் கேட்டது: இதை யார் பராமரிக்கிறார்கள்? விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அவர்களில் முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். அத்திட்டத்துக்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். அதைத் தம் சேவையகங்களில் நிறுவிப் பல்லாயிரம் கோடி ஈட்டிய நிறுவனங்கள், இலவசமாகக் கிடைத்ததற்கு எதற்குக் காசு என்று இருந்துவிட்டன. ஒருவர் கொடுத்தால் போட்டியாளரும் பயனடைவார். ஆகவே எவரும் கொடுக்கவில்லை. ஊர்ப் பொதுக் கிணற்றில் எல்லோரும் இறைத்தார்கள், தூர்வார எவரும் வரவில்லை. ஓட்டை வெளியான சில வாரங்களில் கூகுள், மைக்ரோசாப்ட், ஃபேஸ்புக், அமேசான், இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வீதம் மூன்றாண்டுகளுக்குத் தருவதாக அறிவித்தன. அவற்றின் வருமானத்தோடு ஒப்பிட்டால் இது தேநீர்ச் செலவு.

பத்தாண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற சிறு சுருக்க மென்பொருளில் திட்டமிட்டே புகுத்தப்பட்ட பின்வாசல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தனியொருவராக, ஊதியமின்றி, உடலும் மனமும் சோர்ந்த நிலையில் ஒருவர் காத்துவந்தார். உதவ வந்தவர்போல் ஓர் அநாமதேயர் இரண்டாண்டுகளுக்கும் மேலாக உழைத்து நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பைக் கையில் வாங்கி, பிறகு நஞ்சைக் கலந்தார். தன் கணினியில் ஓர் இணைப்பு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கண்டு துருவிய ஒரு பொறியாளரின் பொறுமையால்தான் அது பரவாமல் தடுக்கப்பட்டது. மூல நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் துருவ முடிந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பூட்டிய நிரலில் இப்படி எத்தனை இருக்கின்றன என்பதற்கு எவரிடமும் கணக்கில்லை.

ஆக, ஒரு பக்கம் லாபத்துக்காகப் பூட்டிவைக்கப்பட்ட திருத்தம். மறுபக்கம் திறந்திருந்தும் கூலியில்லாத உழைப்பு. இரண்டிலும் பராமரிப்பு என்ற உழைப்பைச் சந்தை மதிப்பற்றதாகவே காண்கிறது. வீட்டில் பெண்கள் செய்யும் வேலையைப் போலத்தான். நடக்கும்வரை கண்ணில் படாது, நின்றால்தான் தெரியும்.

பணம் கொடுத்தால் மட்டும் தரம் வந்துவிடுகிறதா என்றால் அதுவும் இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பு 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. இந்திய விமான நிலையங்களில் பயணச்சீட்டைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள். கட்டணம் செலுத்தி, ஆதரவு பெற்று, விதிப்படி நடந்துகொண்டவர்களே அன்று விழுந்தார்கள். முதலில் சிலவற்றில் சோதித்துப் பிறகு மற்றவற்றுக்கு அனுப்பும் எளிய முன்னெச்சரிக்கைகூட அந்தப் புதுப்பிப்புக்குப் பின்பற்றப்படவில்லை.

தமிழுக்கும் இதில் ஒரு கசப்பான பங்கு உண்டு. இடதுசாரி அச்சகங்களில் வேலை செய்த தோழர்கள் அறிவார்கள். அடோபி நிறுவனம் பேஜ்மேக்கர் 7.0 பதிப்பை 2001இல் வெளியிட்டது. அதன் பிறகு வளர்ச்சியை நிறுத்திவிட்டது. ஆனால் தமிழ்ப் பத்திரிகைகளும் பதிப்பகங்களும் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களோடு அதிலேயே பல்லாண்டு பக்கம் வடிவமைத்தன. விருப்பத்தால் அன்று. அடுத்து வந்த இன்டிசைன் 2012க்கு முன்பு வரை இந்திய எழுத்துமுறைகளை முறையாகக் கையாளவில்லை. உலகச் சந்தையில் தமிழ் சிறு வாடிக்கையாளர். அதற்காகப் பொறியாளர்களை அமர்த்துவது லாபகரமாகத் தெரியவில்லை. பழைய பேஜ்மேக்கருக்காகவே பழைய எக்ஸ்பி கணினிகள் அச்சகங்களில் காப்பாற்றப்பட்டன. இன்று அந்த இதழ்களின் கோப்புகளைத் திறந்தால் பொருளற்ற குறியீடுகள் தெரிகின்றன. ஒரு தலைமுறையின் அரசியல் எழுத்து மறுபடியும் தட்டச்சு செய்யப்படவோ, மாற்றிகளின் வழியே பிழையோடு மீட்கப்படவோ வேண்டியிருக்கிறது. மாறாக, ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் தமிழின் கொம்பும் காலும் சரியான இடத்தில் அமர்வதற்குக் காரணமான ஹார்ஃப்பஸ், ஒரு கட்டற்ற மென்பொருள். சந்தை புறக்கணித்த பல மொழிகளுக்கு அது ஒரே நேரத்தில் கைகொடுத்தது.

பராமரிப்பைச் செய்யும் உழைப்பாளிகள் யார்? இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் வேலையில் கணிசமான பகுதி, அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் எப்போதோ எழுதிவைத்த மென்பொருளை உயிரோடு வைத்திருப்பதுதான். பெங்களூரிலும் சென்னையிலும் ஐதராபாதிலும் நள்ளிரவு அழைப்புக்கு விழித்தெழுவோர் அவர்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் குறைந்த விலைக்கு அதே வேலை கோரப்படுகிறது; அந்தக் குறைப்பு ஊழியரின் எண்ணிக்கையிலும் நேரத்திலும் இறங்குகிறது. கர்நாடகத்தில் 2024 ஜூலையில் வேலை நாளை 14 மணி நேரம் வரை நீட்டிக்கும் சட்டத்திருத்த யோசனை எழுந்தபோது, கர்நாடக மாநில ஐடி ஊழியர் சங்கம் அதை எதிர்த்து நின்றது. 2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரை, அதாவது இரண்டு விழுக்காட்டு ஊழியர்களை, விலக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலோர் நடுத்தர, மூத்த நிலையினர். பழைய நிரலின் எந்த மூலையில் எது இருக்கிறது என்று அறிந்தவர்கள் இத்தகையோரே. அவர்களோடு சேர்ந்து அந்த அறிவும் வெளியேறுகிறது. இழப்பு அடுத்த ஆண்டின் பிழையாகத்தான் வெளிப்படும், அந்தக் காலாண்டின் கணக்கில் லாபமாகத்தான் தெரியும். மென்பொருளின் தரம் பற்றிய கேள்வியும் எட்டு மணி நேர வேலை பற்றிய கேள்வியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதைத் தொழிற்சங்கங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

கோரிக்கைகளுக்கு வருவோம். சட்டத்தால் எதுவும் மாறாது என்பது உண்மையன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது; அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் பொருந்தும். விற்ற பொருளுக்குப் பொதுவாகக் குறைந்தது ஐந்தாண்டு பாதுகாப்புத் திருத்தம் தருவது கடமையாகிறது. ஊதியமின்றி எழுதும் தன்னார்வலர் மீது அந்தச் சுமை ஏற்றப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மற்றொரு நெறிமுறை மென்பொருளையும் பொருள் என வரையறுத்து, பழுதுக்கு இழப்பீடு கோரும் உரிமையைத் தருகிறது. ஜெர்மனி 2022 முதல் அடிப்படையான திறந்த மென்பொருள்களின் பராமரிப்புக்குப் பொது நிதி ஒதுக்குகிறது. இவை சோஷலிச நடவடிக்கைகள் அல்ல. முதலாளித்துவ அரசுகள் தம் பொருளாதாரத்தைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடுகள். அந்த அளவுக்குக்கூட இங்கே வழியில்லை. ஒன்றிய அரசு 2015இல் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை அறிவித்தது. பராமரிப்புக்கு நிதி எங்கே என்பதற்கு அதில் விடையில்லை.

இடதுசாரிகளின் தலையீடு எதைச் சாதிக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பரில் பிறப்பிக்கப்பட்ட காப்புரிமை அவசரச் சட்டம் மென்பொருளுக்குக் காப்புரிமை தரும் வாசலைத் திறந்தது. 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை; இடதுசாரிக் கட்சிகளின் எதிர்ப்பும் கட்டற்ற மென்பொருள் இயக்கங்களின் பரப்புரையுமே காரணம். கணினி நிரல் தன்னளவில் காப்புரிமைக்குரியதன்று என்ற 3(கே) பிரிவு அப்படியே நின்றது. அது போயிருந்தால், ஒரு பிழையைத் திருத்துவதற்கே வழக்கறிஞரின் அனுமதி தேவைப்படும் நிலை வந்திருக்கும்.

கேரளத்தின் பள்ளிகள் இன்னும் விரிவான அனுபவம். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பள்ளிக் கணினிக் கல்வி ஒரே நிறுவனத்தின் மென்பொருளைச் சுற்றி வகுக்கப்பட்டபோது இடதுசாரி ஆசிரியர் இயக்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. படிப்படியாக முழுமையாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார்கள். 2007இல் இடது ஜனநாயக முன்னணி அரசின் தகவல் தொழில்நுட்பக் கொள்கை அதற்கு உறுதியளித்தது. 2017 முதல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனம் பொறுப்பேற்றது. உரிமக் கட்டணம் மிச்சமானது என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிட முக்கியமானது வேறு. அங்கே அரசு பராமரிப்புக்கு ஆள் வைத்தது. ஆசிரியர்களிலிருந்தே பயிற்றுநர்களை உருவாக்கி, மாநிலத்துக்கென ஓர் இயங்குதளப் பதிப்பைத் தயாரித்து, புதுப்பித்து, பள்ளிக்குப் பள்ளி நிறுவினார்கள். ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்களில் பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் பள்ளி ஆய்வகத்தின் கணினிகளைக் கவனித்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசு வழங்கிய மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸும் இருந்தது; ஆனால் அதைச் சொல்லித்தர ஆளில்லை. பெரும்பாலான மாணவர்கள் விண்டோஸைத் திறந்து வேலை பார்த்தார்கள். மென்பொருள் இரு மாநிலங்களிலும் ஒரே இனம். அதைச் சுற்றிய உழைப்பின் அமைப்பு வேறு.

கடைசியாக, நமது அலுவலகங்கள். கட்சி, தொழிற்சங்கம், விவசாயிகள் சங்கம், மாதர், வாலிபர், மாணவர் அமைப்புகள் ஆகியவற்றின் அலுவலகங்களில் உள்ள கணினிகளில் எத்தனை ஆதரவு முடிந்த பதிப்பில் ஓடுகின்றன, எத்தனையில் உரிமமற்ற படி நிறுவப்பட்டுத் திருத்தம் வராமல் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று கணக்கெடுப்பது அரசியல் பணி. உறுப்பினர் பட்டியலும் சந்தா விவரமும் அவற்றில் இருக்கின்றன. நமது தோழர்களின் பெயரைத் தேடுவோர் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியில் லினக்ஸ் நன்றாக ஓடும். ஆனால் நிறுவிவிட்டுப் போவதல்ல வேலை. மாவட்டத்துக்கு இருவரையாவது பயிற்றுவித்து, மாதம் ஒருமுறை சென்று பார்ப்பதை அவர்களின் பொறுப்பாகக் குழு ஒதுக்க வேண்டும், போக்குவரத்துச் செலவையும் சேர்த்து. பழைய எழுத்துருவில் கிடக்கும் ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றுவதும் அந்த இருவரின் வேலைப் பட்டியலில் இடம்பெறட்டும். பழைய கணினிகள் முற்றிலும் நின்றுபோவதற்கு முன்.